அடுத்த விமானத்தில் அப்பா

எண்பத்தாறாம் ஆண்டு ரொறன்ரோ நகர மத்தியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தேன். ஊரில் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதித்தவன். இங்கே என் சான்றிதழை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் மிகவும் மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் நானும் மனைவியும் குடியிருந்தோம். விடியப் பஸ் எடுத்து, சப்வே மாறி, ஏழு மணிக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன். வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கு, அங்கிருந்து அறுவைக்கு, அறுவையிலிருந்து திரும்ப வார்டுக்கு. மனிதர்கள் கூரையைப் பார்த்தபடி வருவார்கள். பெரும்பாலும் பேச்சு இருக்காது.

அவர் மட்டும் பேசினார். திங்கள், புதன், வெள்ளி நாட்களில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து டயலிசிஸ் பிரிவுக்குக் கொண்டுபோவது என் வேலை. சர்க்கரை வியாதியில் ஒரு பாதம் போய்விட்டது. பிறகு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. உடம்பிலுள்ள இரத்தம் முழுவதும் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்துக்குள் சுத்தமாகி, மறு குழாய் வழியாக உள்ளே போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் நாலரை மணி நேரம். வயது நாற்பத்தெட்டு. கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான கிறீ இனத்தவர். வடக்கே ஜேம்ஸ் வளைகுடாவில் கலக்கும் ஓர் ஆற்றின் கரையிலுள்ள சிறு ஊரைச் சேர்ந்தவர். அந்த ஊருக்குப் போகத் தெரு இல்லை. ஒரு நர்ஸும் மருந்து அலுமாரியும் உள்ள கட்டடம்தான் ஆஸ்பத்திரி. இயந்திரம் அங்கே வர வழியில்லை. ஆகவே உயிரோடு இருக்கும்வரை அவர் ரொறன்ரோவில் இருக்கவேண்டும். வடக்கிலிருந்து வரும் நோயாளிகளுக்கென்று இருந்த ஒரு விடுதியில், தெருவைப் பார்த்த அறையில் தங்கியிருந்தார்.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனால்தானோ என்னவோ நன்றாகப் புரிந்தது. அவர் பேசியதை இங்கே என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

"உன்ர ஊரில பனி இருக்கோ?" என்று முதல் நாள் கேட்டார்.

"இல்லை. சண்டை இருக்கு."

"எங்களிட்ட ரெண்டும் இருந்தது. இப்ப பனி மட்டும்" என்றார்.

மருந்து மணத்தையும் நாற்காலிச் சக்கரத்தின் கிறீச்சையும் மீறி அவர் ஆற்றைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பார். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து பெரிய வள்ளத்தில் மாவும் எண்ணெயும் ஏற்றி மேலே கொண்டுபோவது அவருடைய தொழிலாக இருந்தது. வசந்தத்தில் காட்டு வாத்து வேட்டை. கோடையில் வலை. தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் இருக்கும் என்றார். "எங்கட ஆறு வடக்க ஓடுது. அதுதான் சிக்கல். தெற்கில மேலாத்துப் பனி முதல்ல உருகி உடையும். கீழ கடல் வாயில இன்னும் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். உடைஞ்ச பனியெல்லாம் வந்து அதில முட்டி அடைச்சால் தண்ணி எங்க போறது? ஊருக்குள்ளதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த நகரத்தில் ஆறே இல்லையா என்று அவர் கேட்டதற்காக, நான் அவரை டொன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனேன். நெடுஞ்சாலைக்குக் கீழே, பழைய சைக்கிள் ஒன்றைச் சுற்றிக்கொண்டு கலங்கல் தண்ணீர் போனது. அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுக்குப் பெயரும் வைச்சிருக்கினமோ?" என்றார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி அவருக்கென்று உப்பில்லாமல் மீன் பொரித்திருந்தாள். ஒரு துண்டு தின்றுவிட்டு, மிகவும் பணிவாக உப்புக் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. உப்பு வரவில்லை. மிச்ச மீனையும் தின்று முடித்தார்.

குளிர்காலத்தில் அவர் மெலிந்தார். கையிலிருந்த குழாய் வழி இரண்டு முறை அடைத்துக்கொண்டது, இரண்டு முறையும் வெட்டித் திறந்தார்கள். இயந்திரத்திலிருந்து எழும்பியதும் வாந்தி. அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. அதற்கடுத்த நாள் திரும்ப இயந்திரம். மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது சொன்னார்.

"நான் நிப்பாட்டப் போறன்."

"எதை?"

"இதை. வீட்ட போறன்."

நிறுத்தினால் பத்து நாள், சிலவேளை இரண்டு வாரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு அது தெரியும். பனி உடைவதற்கு முன்னர் போய்ச் சேரவேண்டும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள். தாய் இல்லை. பதினேழு வயது. ஊரில் மேல்வகுப்பு இல்லாததால் தெற்கே ஒரு நகரத்தில், தெரியாத குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு பஸ் ஏறி வந்தாள். குட்டையான, அகன்ற முகமுள்ள பெண். ஆங்கிலம் எங்கள் இருவரையும்விட நன்றாகப் பேசினாள். டாக்டரோடு சண்டை பிடித்தாள். விடுதிக்காரியோடு சண்டை பிடித்தாள். பிறகு என்னைக் கண்டுபிடித்தாள்.

"நீங்கள்தானே அப்பான்ர சிநேகிதர். போகவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். "பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ" என்றேன்.

"எட்டு மாசமாக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் அவர்.

மகளுக்குப் பதினெட்டு நிரம்பாததால், நோயாளியோடு போக வயது வந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து அவருடைய தம்பி வருவதென்றால் காலநிலை விடவேண்டும். பனி உடைவதற்கோ எண்ணிச் சில நாட்களே இருந்தன. "நான் போறன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று மனைவி கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

"உங்களுக்கென்ன விசரே? ஆர் அந்த மனுசன் உங்களுக்கு? பனி உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி வாற இடமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஒரு கிழமைதான்."

"என்ர நிலைமையைப் பாத்தனீங்களோ?"

முந்தின வருடம் என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். கடிதம் வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. அதை நான் காரணமாகச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. அடுத்த நாள் தன்னுடைய தடித்த கம்பளி மேற்சட்டையை என் பையில் மடித்து வைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி டயலிசிஸ். சனிக்கிழமை புறப்பட்டோம். மூன்று விமானங்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறியது. இரண்டாவது விமானம் இறங்கிய இடத்தில் மூடுபனி. இரண்டு நாள் அங்கேயே காத்திருந்தோம். விமான நிலையமென்று சொல்லப்பட்ட தகரக் கொட்டகையில் அவர் நாற்காலியில் இருந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. மகள் அவருடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்துவிட்டாள். மூன்று பேரும் பிஸ்கட் தின்றோம். இங்கேயே முடிந்துவிடுமோ என்று நான் பயந்தேன். அவர் பயந்த மாதிரித் தெரியவில்லை, எரிச்சலாகத்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மூடுபனி விலகியது. மேலிருந்து பார்த்தபோது அந்த நிலம் எனக்கு நிலமாகவே படவில்லை. மேடில்லை, பள்ளமில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுப்பு. அதில் உறைந்த குளங்கள், ஆயிரக்கணக்கில். குளங்களுக்கிடையில் தீய்ந்த குச்சிகளைப்போல ஊசியிலை மரங்கள். ஒரு புகை இல்லை. ஒரு வேலி இல்லை. மகள் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினாள். ஆறு. நான் கற்பனை செய்ததைவிடப் பத்து மடங்கு அகலம். வெள்ளையாக, நடுவில் சாம்பல் திட்டுகளோடு அசையாமல் கிடந்தது.

ஊரில் நூறு வீடு இருக்கலாம். ஒரு தேவாலயம், ஒரு கடை, நர்ஸின் கட்டடம், மண் ஓடுபாதை. எல்லாம் ஆற்றங்கரையை ஒட்டி. தம்பியின் வீட்டில், எண்ணெய்ப் பீப்பாயில் செய்த அடுப்புக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்த யன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். தம்பியின் மனைவி ஒரு பெரிய, அமைதியான பெண். அவரைத் தனி ஆளாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். வாத்து இறைச்சி அவித்த சூப் கொடுத்தாள். உப்புப் போட்டுத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

ஊர்ச்சனம் வந்தது. வந்தவர்கள் பேசவில்லை. சுவரோரம் இருந்தார்கள். அரை மணி, ஒரு மணி. பிறகு எழும்பிப் போனார்கள். அவர்களுடைய இடத்தில் வேறு ஆட்கள் வந்து இருந்தார்கள். செத்த வீட்டுக்கும் நோய் பார்க்கப் போன வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மௌனம். நான் அந்தச் சுவரோரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. தேநீர் மட்டும் தந்தார்கள்.

வியாழக்கிழமை காலை வெளியே இரும்புச் சத்தம் கேட்டது. கல்லில் பிக்காசு விழுகிற மாதிரி. போய்ப் பார்த்தேன். தேவாலயத்துக்குப் பின்னால் மயானத்து நிலத்தில் விறகு போட்டு எரித்து, இளகிய மண்ணை ஒரு சாண் தோண்டி, திரும்ப விறகு போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் வேலை என்றார் தம்பி. ஆறு எந்த நேரமும் உடையலாம். அதற்குப் பிறகு தோண்ட ஆள் இருக்காது.

உள்ளே வந்தேன். அவர் விழித்திருந்தார்.

"எவ்வளவு ஆழம் போயிருக்கினம்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்து, "முழங்கால் அளவு" என்றேன்.

"காணாது, இன்னும் வேணும்" என்றார்.

மகள் அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிக்காசுச் சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் அடுப்புக்குள் ஒரு விறகைப் போட்டாள். வீடு தாங்க முடியாத வெக்கையாகிவிட்டது. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஊர் வானொலியில் கிறீ மொழியில் அறிவித்தார்கள். மேலாற்றில் பனி நகரத் தொடங்கிவிட்டது. ஓடுபாதை தண்ணீருக்குள் போவதற்கு முன்னர் வயதானவர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வெளியேற வேண்டும். சில ஆண்கள் மட்டும் காவலுக்கு நிற்பார்கள். பெண்கள் போர்வைகளை மூட்டை கட்டினார்கள். எத்தனையோ வருடம் செய்து பழகிய கை வேகம்.

மகள் போகமாட்டேன் என்றாள். "அப்பா நிண்டால் நானும் நிப்பன்."

அவள் தண்ணீர் எடுக்க வெளியே போன நேரம் அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். மூச்சில் ஒரு புளித்த மணம் வந்துவிட்டிருந்தது.

"அவளைக் கூட்டிக்கொண்டு போ."

"வரமாட்டாள்."

"நான் அடுத்த பிளேனில வாறனெண்டு சொல்லு."

"வருவீங்களோ?"

"இல்லை."

அவர் என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் பலமே இருக்கவில்லை. "எனக்கு அவளிட்டப் பொய் சொல்ல ஏலாது. கண்டுபிடிச்சிடுவாள். நீ சொன்னால் நம்புவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பன்."

தம்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டிருக்கவேண்டும்.

மகள் வாளியோடு உள்ளே வந்தாள். சொன்னேன். அப்பா படுத்தபடிதான் வரவேண்டும், ஸ்ரெச்சர் வைப்பதற்கு விமானத்தில் மூன்று இருக்கைகளைக் கழற்றவேண்டும், அடுத்து வருகிற விமானத்தில்தான் கழற்றிக்கொண்டு வருகிறார்கள், நாங்கள் முதலில் போய் அங்கே கட்டில் ஆயத்தம் செய்யவேண்டும். நான் ஸ்ரெச்சர் தள்ளுகிறவன். எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு விபரமும் சரியாக வந்து விழுந்தது. அந்தப் பொய்யை அவ்வளவு நன்றாக எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். "நித்திரையோ?"

"ஓம்."

"அப்ப எழுப்பவேண்டாம்" என்று சொல்லி, போர்வையை அவருடைய தோள்வரை இழுத்துவிட்டாள்.

விமானம் கிளம்பியபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதவேண்டும். நிம்மதி. அந்தப் பிக்காசிலிருந்து, அந்த மணத்திலிருந்து, நகரப்போகிற அந்த ஆற்றிலிருந்து நான் தப்பிவிட்டேன் என்ற நிம்மதி. மனைவியை நினைத்தேன், சூடான குளியலை நினைத்தேன். பக்கத்தில் அவள் யன்னலில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன.

தெற்கே ஒரு நகரத்துப் பாடசாலை மண்டபத்தில் மடக்குக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். அவள் ஒரு மூலையைப் பிடித்து, இரண்டு மெத்தைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, தலைப்பக்கம் உயர்த்தி ஆயத்தம் செய்தாள். பிறகு விமான நிலையத்துக்குத் திரும்பப் போனாள். நானும் போனேன். இரண்டாவது விமானம் வந்தது. அவர் இல்லை. மூன்றாவது வந்தது. அதில் கடைசியாக இறங்கியவள் தம்பியின் மனைவி.

விமானி கதவைச் சாத்தினார். மகள் அவரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் தலையை அசைத்தார். ஓடுபாதையில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டதாம், இனி விமானம் இல்லை.

அவள் என்னிடம் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"வீட்டில சொல்லேக்கையே."

அவள் அழவில்லை, அடிக்கவில்லை. சனத்தோடு போய் இருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி நெருங்கி இருந்தார்கள். எனக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்தான்.

மறுநாள் காலை வானொலித் தொடர்பில் தம்பியின் குரல் வந்தது. அவர் போய்விட்டார். அன்று மத்தியானமே ஆறு உடைந்தது. தண்ணீர் கரையேறி, ஓடுபாதையை மூடி, தேவாலயத்தின் பின்பக்கத்தை நிரப்பி, முதல் வரிசை வீடுகளின் படியில் வந்து நின்றுவிட்டது. அடுத்த நாள் வற்றியது. ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை. அவர் கிடந்த வீட்டுத் தரை காய்ந்துதான் இருந்தது. அவள் அங்கே நின்றிருக்கலாம்.

நான் விடைபெறப் போனபோது தம்பியின் மனைவி மண்டப வாசலிலேயே என்னை மறித்தாள். கோபமாக இல்லை. "போ. நீ நிண்டால் அவள் சாப்பிடமாட்டாள்" என்றாள்.

ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்ரெச்சர் தள்ளினேன். அந்த ஆடியில் எங்களுக்கு மகன் பிறந்தான். மனைவியிடம் நடந்ததெல்லாம் சொன்னேன், விமானத்தில் வந்த நிம்மதியைத் தவிர. அந்தப் பெண்ணின் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. திரும்ப எழுதத் துணிவு வரவில்லை.

எண்பத்தெட்டு கடைசியில் ஒரு நாள், டயலிசிஸ் பிரிவுக்கு ஒரு புது நோயாளியைக் கொண்டுபோகச் சொன்னார்கள். அறைக்குள் போனேன். நாற்காலியில் தம்பியின் மனைவி. பாதியாக இளைத்துப்போயிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். சித்தியைப் பார்த்துக்கொள்வதற்காகப் படிப்பை விட்டுவிட்டு வந்திருப்பதாக நர்ஸ் பிறகு சொன்னாள்.

தாழ்வாரத்தில் மூவரும் போனோம். பாதித் தூரத்தில் அவளே பேசத் தொடங்கினாள்.

"தோண்டின கிடங்குக்குள்ள பனிப் பாளம் நிரம்பிப் போச்சு. அப்பாவைப் பதினாறு நாள் வைச்சிருந்தவை. பிறகு வேற இடத்தில தோண்டித்தான் தாட்டது."

"எனக்குத் தெரியாது."

"ஆறு உடையிறதைப் பாத்திட்டுத்தான் போனவரெண்டு சித்தப்பா சொல்லுறார்."

"அவர் காலமையல்லோ போனவர், ஆறு மத்தியானம்தானே..."

"ஓம். சித்தப்பா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுறவர். நான் நிண்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நாற்காலியை நிறுத்தினேன். "அப்பாதான் சொல்லச் சொன்னவர். என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். ஒன்றரை வருடமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்களில் வேறொன்றும் வரவில்லை.

"தெரியும், சித்தி சொன்னவ" என்றாள். "ஆனா சொன்னது நீங்கள்."

சித்தி கிறீ மொழியில் ஏதோ சொன்னாள். குரலில் அதட்டல் இருந்தது. நான் திரும்பவும் தள்ளத் தொடங்கினேன்.

பதினான்கு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பெரிய பெண்ணை நான் அந்த வழியால் கொண்டுபோனேன். அவள் ஊருக்குப் போகவேண்டுமென்று ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் இங்கேயே, ரொறன்ரோவிலேயே போய்விட்டாள். அந்த மாதங்கள் முழுக்க மகள் என்னோடு பேசினாள். காலநிலை, சாப்பாடு, என் மகன் கதைக்கத் தொடங்கியது எல்லாம் பேசினாள். ஒருநாள் அவனுக்கென்று முயல்தோல் வைத்த சின்னக் கையுறை கொண்டுவந்து தந்தாள். ஆனால் நான் சொன்ன ஒன்றையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் பத்து நிமிடத்தில் வருவார் என்று சொன்னால், தலையாட்டுவாள். பிறகு எழும்பிப்போய் நர்ஸிடம் கேட்டுவிட்டு வந்துதான் கதிரையில் இருப்பாள்.